செங்கோட்டையைத் தென்காசிக்கு மாற்றிய வேலை: ஜேக்யூவும் ஒரு தமிழ் ஜேசன் கோப்பும்

ஒரு இரத்ததானக் குழுவின் பதிவுப் படிவத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டங்கள் வரும்; வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கிராமங்கள் வரும். மூன்று அடுக்கும், தரவைப் பெயரும் மதிப்புமாக அடுக்கி எழுதும் ஜேசன் (JSON) வடிவக் கோப்பு ஒன்றிலிருந்து வருபவை. அந்தக் கோப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள்தான், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கால நிலவரம். 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு என ஐந்தும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமாகச் சேர்ந்தது. கோப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தென்காசி மாவட்டத்தில் யாருக்காவது இரத்தம் தேவை என்று தேடினால் ஒரு கொடையாளர்கூட வரமாட்டார். எல்லோரும் திருநெல்வேலிக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

கோப்பின் அமைப்பு இது: உச்சியில் "மாவட்டங்கள்" என்ற கீ, அதாவது ஒரு மதிப்பைச் சுட்டும் பெயர். அதற்குள் ஒவ்வொரு மாவட்டப் பெயரும் ஒரு கீ. அதற்குள் "தலைநகர்", "வட்டங்கள்". வட்டங்களுக்குள் ஒவ்வொரு வட்டப் பெயரும் ஒரு கீ. அதற்குள் "கிராமங்கள்" என்ற அரே, அதாவது வரிசைப் பட்டியல். தமிழ்நாட்டின் வருவாய்க் கிராமங்கள் பதினாறாயிரத்தைத் தாண்டும். ஆகவே எடிட்டரில் திறந்து, தென்காசி வட்டத்தின் தொடக்க அடைப்புக்குறியையும் முடிவு அடைப்புக்குறியையும் கண்ணால் தேடி, வெட்டி ஒட்டி, காற்புள்ளி சரிபார்த்து என்று போனால் வேலை முடிவதற்குள் ஏதோ ஒரு கிராமம் வேறு வட்டத்தில் போய் விழும். தேடி மாற்றுவதும் உதவாது. "திருநெல்வேலி" என்பதைத் "தென்காசி" என்று மாற்றுவதல்ல இங்கே வேலை. ஒரு மரத்தின் கிளைகள் சிலவற்றை இன்னொரு மரத்துக்கு மாற்ற வேண்டும். செட், ஆக் போன்ற உரைக் கருவிகள் வரி வரியாகப் பார்ப்பவை. வரிகளுக்கு மேலே இருக்கும் அடுக்கு அவற்றுக்குத் தெரியாது.

இந்த மாதிரி வேலைக்கு நான் எடுப்பது ஜேக்யூ (jq), ஜேசனைப் படித்து மாற்றும் கட்டளைவரிக் கருவி. ஸ்டீஃபன் டோலன் 2012இல் வெளியிட்ட கருவி, சி மொழியில் எழுதப்பட்டது, ஒரே பைனரி. 2018இல் 1.6 வந்ததற்குப் பிறகு நெடுங்காலம் அசையாமல் கிடந்து, 2023இல் புதிய பராமரிப்பாளர்கள் கையில் 1.7 வெளியானது. உபுண்டு 22.04இல் 1.6 கிடைக்கும், 24.04இல் 1.7.1. இந்தப் பதிவில் உள்ளவற்றுக்கு இரண்டுமே போதும்.

முதலில் தமிழ் கீ சமாச்சாரம். ஜேக்யூவில் ஒரு புள்ளி வைத்துக் கீயின் பெயரை எழுதினால் அந்த இடத்துக்குப் போகலாம் என்று எல்லாப் பாடங்களும் சொல்லும். அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றுக்கு மட்டும்தான். தமிழில் அப்படியே எழுதினால் செல்லாத எழுத்து என்று திட்டிவிட்டு நின்றுவிடும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் ஏற்றுக்கொள்ளும்:

."மாவட்டங்கள்"."திருநெல்வேலி"."வட்டங்கள்"

எல்லா மாவட்டங்களுக்குள்ளும் போக வேண்டுமானால் வெற்றுச் சதுர அடைப்பு:

."மாவட்டங்கள்"[]."தலைநகர்"

ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டும் இடத்தில்) கொடுக்கும்போது முழு ஃபில்டரையும், அதாவது ஜேக்யூவுக்கு எழுதும் இந்தக் கட்டளையை, ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். இந்த வரிகளை வாட்ஸாப்பிலோ வேர்டிலோ வைத்திருந்து ஒட்டினால் நேர் மேற்கோள்கள் வளைந்த மேற்கோள்களாகியிருக்கும். ஜேக்யூவுக்கு அது மேற்கோளே இல்லை. விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஒற்றை மேற்கோள் வேலை செய்யாது. இரண்டுக்கும் ஒரே மருந்து: ஃபில்டரைத் தனிக் கோப்பில் எழுதி, ஹைஃபன் எஃப் என்ற விருப்பத்தோடு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுப்பது. ஒரு வரிக்கு மேல் போகும் எந்த ஃபில்டரையும் நான் இப்படித்தான் வைக்கிறேன். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (git) சேர்த்துவைக்கவும் வசதி.

சோதனையாக ஒரே ஒரு வட்டத்தை நகர்த்திப் பார்த்தேன்.

."மாவட்டங்கள்"."தென்காசி"."வட்டங்கள்"."செங்கோட்டை" = ."மாவட்டங்கள்"."திருநெல்வேலி"."வட்டங்கள்"."செங்கோட்டை"

தென்காசி என்ற மாவட்டம் கோப்பில் இன்னும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இடப்பக்கத்தில் இல்லாத பாதையை ஜேக்யூ தானே உருவாக்கிக்கொள்ளும். இங்கே சமக்குறி மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் செங்குத்துக்கோடு போட்டு எழுதும் இன்னொரு வடிவமும் உண்டு. அந்த வடிவத்தில் வலப்பக்கத்தின் தொடக்கப் புள்ளி, மாற்றப்படும் இடமாகவே இருக்கும். ஒரு மதிப்பை அதே இடத்தில் திருத்த அது சரி. வேறெங்கோ இருப்பதைக் கொண்டுவர வெறும் சமக்குறிதான் வேண்டும், ஏனென்றால் அதில் வலப்பக்கம் கோப்பின் உச்சியிலிருந்து தொடங்கும்.

பழைய இடத்திலிருந்து நீக்க, டெல் என்ற செயலுக்குள் பழைய பாதையைக் கொடுத்தால் போதும். இரண்டையும் செங்குத்துக்கோட்டால் இணைத்து ஓட்டினேன். பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. வந்த கோப்பைப் பார்த்தால் தென்காசிக்குள் செங்கோட்டை இருந்தது, அதன் மதிப்பு நல் (null), அதாவது வெறுமை. திருநெல்வேலிக்குள்ளும் செங்கோட்டை அப்படியே இருந்தது, கிராமங்களோடு.

ஜேக்யூவின் குணம் இது: இல்லாத கீயைப் படிக்கச் சொன்னால் சண்டை போடாது, நல் என்று தரும். இல்லாத பாதையை நீக்கச் சொன்னால் நீக்கிவிட்டதாகவே நடந்துகொள்ளும். ஆக, அதன் பார்வையில் திருநெல்வேலிக்குள் செங்கோட்டை இல்லை. என் பார்வையில் இருக்கிறது. திரையிலும் இருக்கிறது.

இதற்கு ஒரு சின்னச் சோதனை. கோப்பிலிருந்து கீயை எடுத்து அதன் நீளத்தைக் கேட்பது. ஜேக்யூவில் லெங்த் என்ற செயல் ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, யூனிகோடு குறியெண்களின் எண்ணிக்கையைத் தரும், நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. "தமிழ்" என்பதற்கு 3 வராது, 5 வரும். நான் தட்டச்சு செய்த செங்கோட்டைக்கு 10 வந்தது. கோப்பில் இருந்த செங்கோட்டைக்கு 11. அடுத்து எக்ஸ்ப்ளோட் என்ற செயல், ஸ்ட்ரிங்கை எண்களாகப் பிரித்துக் காட்டும். என்னுடையதில் க, அதன் பின் ஓகாரக் குறி: 2965, 3019. கோப்பில் இருந்ததில் 2965, 3015, 3006. அதாவது ஏகாரக் கொம்பு தனி, கால் தனி.

யூனிகோடில் இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்றே விதிக்கப்பட்டிருக்கிறது. ஒகரம் 3018 என்ற ஒற்றைக் குறியாகவும் வரலாம், 3014, 3006 என்ற இரட்டையாகவும் வரலாம். ஓகாரமும் ஔகாரமும் அப்படியே. திரையில் வரையும்போது வித்தியாசம் துளியும் தெரியாது. பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இரட்டை வடிவம் சகஜம், ஏனென்றால் அந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனிப் படங்கள்தாம். ஜேக்யூ இரண்டு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடுவது குறியெண்ணுக்குக் குறியெண். சமம் என்று யூனிகோடு எழுதிவைத்திருப்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. அதை ஒருமைப்படுத்தும் செயலும் அதற்குள் கிடையாது.

நம் ஊர்ப்பெயர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். செங்கோட்டை, சங்கரன்கோவில், அரக்கோணம், திருப்போரூர், திருக்கோவிலூர், கோயம்புத்தூர், புதுக்கோட்டை. கோட்டையும் கோவிலும் இல்லாத மாவட்டம் ஏது? இந்தச் சிக்கல் ஒரு பெயரில் இருந்தால் நூறு பெயர்களில் இருக்கும்.

ஒருமைப்படுத்த ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தோடு வரும் யூகான்வ் என்ற கருவி போதும். டெபியன், உபுண்டுவில் ஐசியூ டெவ்டூல்ஸ் என்ற தொகுப்பில் இருக்கிறது. எந்த வடிவத்தையும் என்எஃப்சி (NFC) என்ற ஒற்றைக் குறி வடிவத்துக்கு மாற்று என்று சொன்னால் கோப்பு முழுவதையும் ஒரே ஓட்டத்தில் மாற்றிவிடும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, இதைச் சொல்லும் பாடங்கள் குறைவு. எனக்கு வந்த கோப்பு பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தானின் ஜேசன் நூலகம், நாம் தனியாகச் சொன்னாலொழிய, ஆங்கிலமல்லாத எல்லா எழுத்தையும் பின்சாய்கோடும் எண்ணுமாக மாற்றித்தான் எழுதும். கோப்பைத் திறந்தால் தமிழே தெரியாது. யூகான்வ் அதை வெறும் ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும்தான் பார்க்கும், ஒன்றையும் தொடாமல் திருப்பித் தந்துவிடும். ஆகவே முதலில் ஜேக்யூவுக்கு ஒற்றைப் புள்ளியை மட்டும் ஃபில்டராகக் கொடுத்து ஓட்ட வேண்டும். அது தானாகவே தமிழாக எழுதித் தரும். பிறகுதான் யூகான்வ்.

அதிலும் ஒரு பள்ளம். திருநெல்வேலிக்குள் சங்கரன்கோவில் இருமுறை இருந்தது. ஒன்று ஒற்றைக் குறியில், மற்றொன்று இரட்டைக் குறியில். இரு மூலங்களிலிருந்து சேர்த்தபோது வந்திருக்க வேண்டும். கிராமங்கள் இரண்டுக்கும் இடையே பிரிந்து கிடந்தன. ஒருமைப்படுத்தியதும் இரு கீயும் ஒரே கீ ஆகிவிடும். ஒரே ஆப்ஜெக்டுக்குள் (கீகளின் தொகுப்புக்குள்) ஒரே கீ இருமுறை வந்தால் ஜேக்யூ கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு முன்னதை விட்டுவிடும், அதையும் வாய் திறக்காமல். பாதிக் கிராமங்கள் காணாமல் போயிருக்கும்.

அதனால் ஒருமைப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை கிராமங்கள் என்ற பட்டியலை எடுத்து, டிஃப் (வேறுபாடு காட்டும் கருவி) போட்டுப் பார்த்தேன். எண்ணிக்கை குறைந்த இடங்கள் தெரிந்தன. அந்த இடங்களில் மட்டும், ஒருமைப்படுத்துவதற்கு முன்பே இரண்டு கிராமப் பட்டியலையும் கூட்டல் குறியால் சேர்த்து, இரட்டிப்பை நீக்கும் யுனீக் போட்டு, ஒரே கீயின் கீழ் வைத்தேன். இங்கே பெருக்கல் குறியைப் பயன்படுத்தத் தோன்றும், ஜேக்யூவில் இரு ஆப்ஜெக்ட்டுகளை ஆழம் வரை இணைப்பது அதுதான். ஆனால் உள்ளே அரே இருந்தால் அது இணைக்காது. வலப்பக்க அரே இடப்பக்கத்தை மூடிவிடும். கிராமங்கள் அரேயாக இருப்பதால் கூட்டல்தான் வழி.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கும்போது ஸ்ரீபெரும்புதூர் வந்தது. என்எஃப்சி ஆன பிறகும் அதன் பாதை நல் என்றது. இங்கே நீளம் உதவாது, இரண்டுக்கும் ஒரே நீளம். எக்ஸ்ப்ளோட் போட்டால் ஒன்றில் முதல் எண் 3000, மற்றொன்றில் 2998. முன்னது நாம் அறிந்த ஸ. பின்னது 2005இல் வந்த யூனிகோடு 4.1இல் சேர்க்கப்பட்ட வடமொழி ஶகரம். அதோடு புள்ளியும் ரகர ஈகாரமும் சேர்ந்தால் பல எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே ஸ்ரீ உருவைத்தான் வரைகின்றன. ஆனால் யூனிகோடு இந்த இரண்டையும் சமம் என்று சொல்லவில்லை. ஆகவே எந்த ஒருமைப்படுத்தலும் இதைத் தீர்க்காது, நாமே முடிவெடுத்து மாற்ற வேண்டும். ஸ்ரீரங்கம், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீமுஷ்ணம் என இந்த வரிசை சற்று நீளம். எல்லாவற்றையும் 3000க்கு மாற்றினேன், காரணம் எங்கள் குழுவினர் பயன்படுத்தும் கைபேசி விசைப்பலகைகள் அதைத்தான் தட்டுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத வேறு சிலவும் கிடைத்தன. பெயரின் முடிவில் ஒரு இடைவெளி. பெயரின் நடுவே 8204 என்ற அகலமில்லாத பிரிப்பான். இவற்றைத் தேடும்போது மேற்கோள் இல்லாமல் பச்சையாக அச்சிடும் ஹைஃபன் ஆர் விருப்பத்தைப் போடாமல் இருப்பது நல்லது. மேற்கோளோடு வந்தால் கடைசி இடைவெளி கண்ணில் படும். இன்னொன்று: டெர்மினலில் தெரியும் தமிழை நம்பிச் சரிபார்க்காதீர்கள். பல டெர்மினல்கள் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வரைவதால் கொம்பும் புள்ளியும் இடம் மாறித் தெரியும். கோப்பை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் அது ஜேசனை மரமாக விரித்துக் காட்டும், தமிழும் ஒழுங்காக இருக்கும். நான் சரிபார்த்தது முழுக்க அங்கேதான்.

தரவு நேராயிற்று. இனி நகர்த்தல். வட்டத்துக்கு ஒரு வரி என்று பாதைகளை எழுதலாம், ஆனால் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை தட்ட வேண்டும், ஒன்றில் எழுத்து பிசகினாலும் மறுபடி நல். ஆகவே நகர்வுகளைத் தனியாக ஒரு சிறிய ஜேசன் பட்டியலாக வைத்தேன். ஒவ்வொரு உருப்படியிலும் மூன்று கீ: "வட்டம்", "பழையது", "புதியது". செங்கோட்டை, திருநெல்வேலி, தென்காசி. சீர்காழி, நாகப்பட்டினம், மயிலாடுதுறை. இப்படியே. பிரதான ஃபில்டர் இந்தப் பட்டியலை ஸ்லர்ப்ஃபைல் என்ற விருப்பம் வழியாக ஒரு மாறிக்குள் வாங்கி, ரெட்யூஸ் கொண்டு ஒவ்வொரு உருப்படியாக எடுத்து, கெட்பாத் மூலம் படித்து, செட்பாத் மூலம் எழுதி, டெல்பாத்ஸ் மூலம் பழையதை நீக்கும்.

முக்கியமான திருத்தம் படிக்கும் இடத்தில்தான். கெட்பாத்துக்குப் பின்னால் இரட்டைச் சாய்கோடு போட்டு, அதன் வலப்பக்கத்தில் எர்ரர் என்ற செயலை வைத்தேன். இரட்டைச் சாய்கோட்டின் பொருள், இடப்பக்கம் நல் என்றோ பொய் என்றோ இருந்தால் வலப்பக்கத்தை எடு என்பது. ஆகவே பாதை தவறினால் இனி மௌனம் இல்லை: "கிடைக்கவில்லை: திருநெல்வேலி, வீரகேரளம்புதூர்" என்று செய்தி வந்து ஓட்டம் நின்றுவிடும், ஒன்றுமே எழுதப்படாது. இப்படி நின்ற இடங்களில் பல, குறியெண் பிரச்சினை அல்ல. வெறும் எழுத்துக்கூட்டு வேறுபாடு. சங்கரன்கோவில், சங்கரன்கோயில். நாட்றம்பள்ளி, நாட்ராம்பள்ளி. இராணிப்பேட்டை, ராணிப்பேட்டை. வீரகேரளம்புதூரைச் சுருக்கி வீ.கே.புதூர் என்று எழுதியவரும் இருக்கிறார். இதற்கெல்லாம் கருவி தீர்ப்புச் சொல்லாது; ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதையே பிடித்துக்கொள்வதுதான் வழி. குழுவில் இரண்டு பேர் "கோவிலா கோயிலா" என்று ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்தார்கள். நான் தலையிடவில்லை.

பெயரை மட்டும் வைத்துத் தேடாமல் பழைய மாவட்டத்தையும் பட்டியலில் வைத்ததற்குத் திருப்பத்தூர் காரணம். வேலூரிலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரான திருப்பத்தூர் ஒன்று. சிவகங்கை மாவட்டத்தில் வட்டமாக இருக்கும் திருப்பத்தூர் இன்னொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள், ஒரே குறியெண்கள். எந்த மாவட்டத்தில் இருந்தாலும் எடு என்று இப்படி எழுதிப் பார்த்தால் வேடிக்கை தெரியும்:

."மாவட்டங்கள்"."திருப்பத்தூர்"."வட்டங்கள்"."திருப்பத்தூர்" = ."மாவட்டங்கள்"[]."வட்டங்கள்"."திருப்பத்தூர்"

வலப்பக்கம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு விடை தரும். 32 மாவட்டங்கள், ஆகவே 32 விடைகள். இரண்டில் கிராமங்கள், மற்ற 30இலும் நல். ஒவ்வொரு விடைக்கும் ஜேக்யூ முழுக் கோப்பையும் ஒருமுறை திருப்பித் தரும். ஒரு கோப்பு போய் 32 கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஜேக்யூவில் வெளியீடு எதிர்பாராமல் பெருத்தால், வலப்பக்கத்தில் எங்கோ ஒரு வெற்றுச் சதுர அடைப்பு பல விடைகளைத் தருகிறது என்று முதலில் சந்தேகப்படலாம்.

பெயரின் பகுதியை வைத்துத் தேடுவதும் இங்கே ஆகாது. இராணிப்பேட்டைக்குப் போக வேண்டிய வட்டம் வாலாஜா. காஞ்சிபுரத்திலேயே இருக்க வேண்டியது வாலாஜாபாத். "வாலாஜா என்று தொடங்கும் எல்லாம்" என்று கேட்டால் வாலாஜாபாத்தும் கிளம்பிவிடும்.

பட்டியல் ஒருமுறை முழுதாக ஓடிய பின் மிச்சம் இருந்தது, பழைய கோப்பில் இல்லவே இல்லாத வட்டங்கள். தென்காசியில் கடையநல்லூரும் திருவேங்கடமும், மயிலாடுதுறையில் குத்தாலமும் போல. அவை பிற வட்டங்களிலிருந்து கிராமங்களைப் பிரித்து எடுத்தவை. அதற்கு இன்னொரு பட்டியல், இந்த முறை கிராமப் பெயரோடு. அரேயிலிருந்து அரேக்கு நகர்த்துவது, கழித்தல் குறியும் கூட்டல் குறியும் போதும்: பழைய அரேயிலிருந்து அந்தப் பெயர்களைக் கழி, புதிய அரேயோடு கூட்டு. ஜேக்யூவில் அரேயிலிருந்து அரேயைக் கழித்தால் அதே மதிப்புள்ள எல்லா உருப்படிகளும் போய்விடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். ஒரே வட்டத்தில் ஒரே பெயரில் இரு கிராமங்கள் இருந்தால் இரண்டும் போகும்.

சேமிப்பது பற்றி ஒரு வார்த்தை. ஜேக்யூவுக்கு அதே கோப்பில் எழுதும் விருப்பம் கிடையாது. வெளியீட்டைப் பெரிதுக் குறியால் அதே கோப்புக்குத் திருப்பினால், ஜேக்யூ ஓடத் தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். கையில் மிஞ்சுவது வெற்றுக் கோப்பு. தற்காலிகக் கோப்புக்கு எழுதி, வெற்றியாக முடிந்தால் மட்டும் பெயர் மாற்றுவது பழைய, நம்பகமான வழி. மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் ஸ்பஞ்ச் என்று ஒரு கருவி உண்டு, உள்ளீடு முழுவதையும் உறிஞ்சிய பிறகே கோப்பில் எழுதும். ஆனால் ஜேக்யூ பிழையோடு நின்றாலும் ஸ்பஞ்ச் வந்த அரைகுறையை எழுதிவிடக்கூடும். எர்ரர் போட்டு நிறுத்தும் என் ஃபில்டருக்குத் தற்காலிகக் கோப்பே சரி.

அகர வரிசை கேட்டார்கள். புதிய மாவட்டங்கள் கோப்பின் கடைசியில் சேர்ந்திருந்தன, ஜேக்யூ புதிய கீயை எப்போதும் கடைசியில்தான் வைக்கும். பெரிய எஸ் விருப்பம் கொடுத்தால் எல்லா அடுக்கிலும் கீகளை வரிசைப்படுத்தும், குறியெண் வரிசையில். யூனிகோடு தமிழ் அட்டவணையில் ன, ந-வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ற, ர-வை ஒட்டி. நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசி. 38 மாவட்டங்களில் இதனால் இடம் மாறுவது ஒன்றே ஒன்று: கன்னியாகுமரி. கடலூர், கரூர், கள்ளக்குறிச்சிக்குப் பிறகு வர வேண்டியது, கடலூருக்கு அடுத்தே வந்து நின்றது. மாவட்ட அளவில் பிழைத்தோம் என்று சொல்லலாம். வட்டங்களிலும் கிராமங்களிலும் இது இன்னும் மோசம். புள்ளி வேறு உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் மெய்யெழுத்து கடைசிக்குப் போகும். ஜேக்யூவில் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு எடை கொடுத்து வரிசைப்படுத்தலாம், செய்யவும் செய்தேன், பிறகு தூக்கிவிட்டேன். உலாவிக்கே தமிழ் வரிசை தெரியும், மொழிக் குறியைக் கொடுத்தால் படிவம் திறக்கும்போது அதுவே அடுக்கிக்கொள்ளும். கோப்பில் வரிசை எப்படி இருந்தால் என்ன? டிஃப் எடுக்கும்போது மட்டும் பெரிய எஸ்.

படிவத்தின் அமைப்புக் கோப்பு யாமல் (YAML) என்ற இன்னொரு உரை வடிவத்தில் இருந்தது, அதிலும் மாவட்டப் பட்டியல் ஒன்று. அதற்கு ஒய்க்யூ (yq) என்ற கருவி. இந்தப் பெயரில் தொடர்பே இல்லாத இரண்டு கருவிகள் உலவுகின்றன. மைக் ஃபாரா கோ மொழியில் எழுதியது ஒன்று, ஆந்த்ரே கிஸ்லியுக் பைத்தானில் எழுதியது மற்றொன்று. பின்னது யாமலை ஜேசனாக்கி ஜேக்யூவிடமே கொடுப்பது, அதனால் ஜேக்யூ எழுத்துமுறை முழுவதும் கிடைக்கும், ஆனால் கோப்பில் உள்ள குறிப்புரைகள் போய்விடும். முன்னது குறிப்புரைகளைப் பெரும்பாலும் காப்பாற்றும், ஹைஃபன் ஐ கொடுத்தால் அதே கோப்பில் எழுதும்; வெற்று வரிகளையும் உள்தள்ளலையும் தன் இஷ்டத்துக்கு மாற்றும். டெபியன், உபுண்டுவில் ஆப்ட் மூலம் ஒய்க்யூ கேட்டால் பைத்தான் ஒன்றுதான் வரும், மேக்கில் ஹோம்ப்ரூ தருவது கோ ஒன்று. எங்கள் யாமலில் எந்த மாவட்டத்துக்கு யார் தொடர்பு என்று குறிப்புரையில்தான் எழுதிவைத்திருந்தார்கள். ஃபாராவின் கருவியைப் போட்டேன்.

கடைசி வேலை, ஏற்கெனவே பதிந்த கொடையாளர்கள். அவர்களின் பதிவுகள் வரிக்கு ஒரு ஜேசன் என்று ஒரு கோப்பில் இருக்கின்றன. ஜேக்யூ இப்படிப்பட்ட கோப்பை ஒவ்வொரு வரியாகவே எடுத்துக்கொள்ளும், ஹைஃபன் சி கொடுத்தால் வரிக்கு ஒன்றாகவே திருப்பி எழுதும். அதே நகர்வுப் பட்டியலை மீண்டும் ஸ்லர்ப்ஃபைல் மூலம் வாங்கி, பதிவில் உள்ள மாவட்டமும் வட்டமும் சேர்ந்து பட்டியலில் இருந்தால் மாவட்டத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். இங்கே எர்ரர் வைக்கவில்லை. பட்டியலில் இல்லாதவர்கள் இடம் மாறாதவர்கள்தானே.

ஆம்பூர், வாணியம்பாடி, அரக்கோணம், சீர்காழி, மதுராந்தகம் எல்லாம் தத்தம் புதிய மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தென்காசி என்று தேடினால் இப்போது ஆட்கள் வருகிறார்கள். மிச்சம் இருப்பது மாவட்டத்தில் "வேலூர்" என்றோ "விழுப்புரம்" என்றோ மட்டும் எழுதி, வட்டத்தைக் காலியாக விட்டவர்கள். வட்டம் நல் என உள்ள, பழைய தாய் மாவட்டம் உள்ள பதிவுகளை மட்டும் செலக்ட் போட்டுப் பிரித்து, சிஎஸ்வி அட்டவணையாக்கித் தன்னார்வலர்களிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருவருக்காகத் தொலைபேசியில் கேட்டு, வட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நிரம்பி வரும் சிஎஸ்வியை முதலில் யூகான்வ் வழியாக விட்டுத்தான் உள்ளே எடுக்கிறேன்.